சங்ககிரிக்கு எட்டிய கடல்

சேலத்தின் வரலாற்றில் கடலுக்கு இடம் உண்டு என்றால் பலரும் யோசிப்பார்கள். கடல்மட்டத்துக்கு 250 மீட்டருக்கு மேலே, சேர்வராயன் மலையும் கஞ்சமலையும் சூழ இருக்கும் ஊர் அது. கிழக்கே கடலூர்க் கரையை எட்ட ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். தெற்கே நாமக்கல்லில் ஒற்றைப் பாறையும் அதன் உச்சியில் ஒரு கோட்டையும் நிற்கின்றன. மேற்கே சங்ககிரி மலைக்கோட்டை. இந்தக் கோட்டைகளின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கதையைச் சொல்கிறவர்கள் ஹைதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதிகள், முற்றுகைகள், உடன்படிக்கைகள் என்று தரைவழியாகவே நடந்து முடித்துவிடுகிறார்கள். கடலுக்கு ஓரிரு வரிகள் கிடைத்தால் பெரிது. ஆனால் 1780 முதல் 1784 வரை நடந்த இரண்டாம் மைசூர்ப் போரில் இந்தச் சேலம், நாமக்கல் சமவெளி யாருக்கு என்ற கேள்வியின் விடையில் பாதி வங்கக் கடலில் இருந்தது. அந்தப் பாதியைத் தீர்மானித்தவை மரம், செம்பு, இரும்பு, குடிநீர், மாலுமிகளின் உடல்நிலை ஆகியவைதாம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அதை ஒரே ஒரு கப்பலின் பணி வரலாற்றை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்தக் கப்பலின் பெயர் சூப்பர்ப்.

சூப்பர்ப், பிரிட்டிஷ் கடற்படையின் 74 பீரங்கிக் கப்பல். தாமஸ் ஸ்லேட் வரைந்த பெல்லோனா வகையைச் சேர்ந்தது. லண்டனை அடுத்த டெப்ட்ஃபர்டில் கட்டப்பட்டு 1760 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டது. பீரங்கித் தளத்தின் நீளம் 168 அடி, அகலம் சுமார் 47 அடி. கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு வீசும் 28 பீரங்கிகள், அதற்கு மேல் 18 பவுண்டு குண்டு வீசும் 28, உச்சித் தளங்களில் 9 பவுண்டு குண்டு வீசும் 18. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தும் ஒருமுறை முழங்கினால் 781 பவுண்டு, அதாவது சுமார் 350 கிலோ இரும்பு பறக்கும். அன்று தரையில் ஒரு கோட்டையை முற்றுகையிட்ட படை இத்தனை கனரகப் பீரங்கிகளை ஒரே இடத்தில் சேர்ப்பது எளிதல்ல. மாட்டுவண்டியில் ஒரு கனரகப் பீரங்கியை இழுத்துச் செல்லவே பல ஜோடிக் காளைகள் வேண்டியிருந்த காலம் அது. சூப்பர்ப்போ 74 பீரங்கிகளையும் 600க்கும் மேற்பட்ட ஆட்களையும் காற்றின் செலவில் உலகைச் சுற்றிக் கொண்டுபோனது. இந்த ஆற்றலைப் பார்த்துத்தான் வரலாற்றாசிரியர்கள் போர்க்கப்பலைச் சண்டைகளின் கணக்கில் எடைபோடுகிறார்கள். அந்த ஆற்றலுக்கு அடியில் இருந்த பலவீனம் கண்ணில் படுவதில்லை. ஓக் மரத்தால் கட்டிய கப்பல், உப்புநீரைத் தொட்ட நாளிலிருந்தே கரையத் தொடங்கிவிடுகிறது.

வெப்பக் கடலில் அந்தக் கரைதல் வேகமாக நடக்கும். கப்பல் புழு என்று அழைக்கப்படும் டெரிடோ உண்மையில் புழுவே அல்ல, சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது மரத்தில் ஊசிமுனை அளவு துளையிட்டு நுழைந்து, தலையிலுள்ள இரண்டு சின்ன ஓடுகளால் அரம் போல அராவிக்கொண்டே உள்ளே நீளும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுசாகத் தெரியும். அறுத்துப் பார்த்தால் உள்ளே சுரங்கமாக இருக்கும். இதோடு பாசியும் ஒட்டுச்சிப்பிகளும் அடிப்பகுதியில் அடர்ந்து வளரும். அடி சொரசொரப்பானால் நீரின் உராய்வு கூடும், வேகம் குறையும், திரும்பும் திறன் போகும். நம் கடற்கரைகளில் கட்டுமரத்தைக் கரையேற்றிக் காய வைப்பதாலும், பெரிய மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசுவதாலும் இந்தத் தொல்லையைச் சமாளித்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை வேறு வழி கண்டது. 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துச் சோதித்தார்கள். செம்பிலிருந்து மெல்லக் கரையும் உப்புகள் உயிரினங்களுக்கு நஞ்சு. புழுவும் அண்டவில்லை, பாசியும் அண்டவில்லை. ஆனால் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது, கப்பலைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகளும் பிணைப்புக் கம்பிகளும் அரித்துப்போயிருந்தன. செம்பும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. இரும்பு தன் எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. வோல்ட்டா மின்கலத்தை அறிவித்தது 1800இல். ஹம்ஃப்ரி டேவி இந்த அரிப்பின் காரணத்தை விளக்கி, துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ பலிகொடுத்துச் செம்பைக் காக்கலாம் என்று காட்டியது 1824இல். அமெரிக்க விடுதலைப் போர் முற்றிய 1779க்குப் பிறகு கடற்படை தன் கப்பல்களுக்கு அவசர அவசரமாகச் செம்பு அடித்தபோது, அடியில் என்ன நடக்கிறது என்பதை விளக்கும் அறிவியல் இன்னும் பிறக்கவில்லை. வேகத்தைப் பெற்றுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆணிகளை ஈடு வைத்தார்கள். வெண்கலக் கலவை ஆணிகளுக்கு மாறியது போருக்குப் பிறகுதான்.

சூப்பர்ப் 1779இல் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் கொடியைத் தாங்கி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1780இன் தொடக்கத்தில் சென்னை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியே, அன்று கர்நாடகம் எனப்பட்ட கிழக்குக் கரைச் சமவெளியில் இறங்கினார். அன்று சேலம், நாமக்கல், சங்ககிரி, ஆத்தூர் எல்லாம் மைசூரின் பிடியில் இருந்தன. படைக்கு வேண்டிய தவசமும் மாடும் வரும் பின்னிலம் இது. சோழமண்டலக் கரையில் சென்னை முதல் நாகப்பட்டினம் வரை பெரிய போர்க்கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகம்கூட அன்று இல்லை. அலை நேராக வந்து மோதும் திறந்த கடல். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் அங்கே நங்கூரமிட்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். கடல்நீரை வெளியேற்றிவிட்டு அடிப்பகுதிவரை செப்பனிடும் உலர்துறை, கிழக்குலகில் ஆங்கிலேயருக்கு மும்பையில் மட்டும் இருந்தது. 1750 முதல் 1765 வரை படிப்படியாகக் கட்டப்பட்ட அந்தத் துறைகளைப் பார்சி இனத்து வாடியா குடும்பத்தார் நடத்தினார்கள். அங்கே போய்த் திரும்ப இலங்கையைச் சுற்ற வேண்டும், காற்று ஒத்துழைக்க வேண்டும். ஆகவே ஆண்டில் சில மாதங்கள் கிழக்குக் கரைக்குக் காவல் இருக்காது என்பது இருதரப்புக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்பதை 1781 பிப்ரவரி காட்டியது. ஹியூஸ் 1780 டிசம்பரில் மங்களூரில் ஹைதரின் கப்பல்களை அழித்துவிட்டு மேற்குக் கரையிலேயே செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அப்போது, ஆங்கிலேயரோடு போரில் இருந்த பிரான்சின் கடற்படை அணி ஒன்று தோர்வ் என்பவரின் தலைமையில் கடலூருக்கு எதிரே வந்து நின்றது. கரையில் அயர் கூட்டின் கம்பெனிப் படை, கடலுக்கும் ஹைதருக்கும் நடுவே சிக்கியிருந்தது. ஊர்ப்புறமெல்லாம் ஹைதரின் குதிரைப்படை தீய்த்துவிட்டதால் கூட்டுக்கு அரிசி கடல்வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழியும் அடைபட்டது. அங்கேயே இருக்கும்படி ஹைதர் கேட்டுக்கொண்டார். தோர்வ் கேட்கவில்லை, நீரும் உணவும் குறைந்துவிட்டன என்று சொல்லிப் பிப்ரவரி நடுவில் மொரீஷியஸுக்குப் போய்விட்டார். இன்னும் சில வாரம் நின்றிருந்தால் கூட்டின் படை பட்டினியால் சரணடைந்திருக்கும் என்பதே பிற்காலக் கடற்போர் வரலாற்றாசிரியர் பலரின் தீர்ப்பு. கூட் தப்பினார். ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். ஒரு அணி செப்பனிடப் போனதால் வாய்ப்பு திறந்தது, இன்னொரு அணியின் தண்ணீர் தீர்ந்ததால் அது மூடியது. நடுவே ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

தண்ணீர்க் கணக்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலே, சூப்பர்ப்பின் 600 பேருக்கு 2,400 லிட்டர். மூன்று மாதத்துக்கு 200 டன்னுக்கு மேல். ஒரு கப்பலுக்கு மட்டும் இவ்வளவு. ஹியூஸின் அணியில் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள். சென்னையில் இந்த நீர் முழுவதும் பீப்பாய்களில் நிரப்பப்பட்டு, கரையோர அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில் போயாக வேண்டும். கப்பலோடு வந்த படகுகள் அந்த அலையில் உடைந்துவிடும். மசூலாப் படகின் பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது பலகைகள் நெளிந்து கொடுத்து, பின் தம் இடத்துக்கு வந்துவிடும். அடியில் இரும்பு அரித்துக்கொண்டிருந்த 74 பீரங்கிக் கப்பலுக்கு, ஒரு துண்டு இரும்பும் இல்லாத அந்தப் படகுகளே உயிர்நாடி. அவற்றை ஓட்டிய மீனவர்களின் பெயர்களை எந்தப் பதிவேடும் வைத்துக்கொள்ளவில்லை. அது நம் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு. அவர்கள் ஒரு வாரம் கடலில் இறங்க மறுத்திருந்தால் கூட்டின் படையும் ஹியூஸின் அணியும் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அந்த உழைப்பின் எடை விளங்கும்.

1782இல் பிரெஞ்சு அணிக்கு சுஃப்ரன் தலைவரானார். துணிச்சலிலும் தந்திரத்திலும் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் அவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பதினாறு மாதத்தில் அவரும் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள்: 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையோரம் பிராவிடியன் தீவு, ஜூலை 6இல் நாகப்பட்டினம், செப்டம்பர் 3இல் திருகோணமலை, 1783 ஜூன் 20இல் கடலூர். ஐந்திலும் சூப்பர்ப் ஹியூஸின் தலைமைக் கப்பலாகவே நின்றது. சதுரங்கப்பட்டினத்தில் அதன் கேப்டன் ஸ்டீவன்ஸ் இறந்தார். நாகப்பட்டினத்தில் அவருக்கு அடுத்த கேப்டன் மெக்லெல்லன் இறந்தார். முதல் சண்டையின் முடிவில் சூப்பர்ப்பின் கிடங்கில் ஐந்தடி நீர் ஏறியிருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே விழுந்த பெரிய ஓட்டைகளை அடைத்த பிறகே இறைக்க முடிந்தது. பிராவிடியனில் இருபக்கமும் தலா 137 பேர் மாண்டார்கள். அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது: இரண்டு அணிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மைல் இடைவெளியில் நங்கூரமிட்டு, ஒரு வாரம் மரம் செதுக்கிக் கயிறு பின்னிக்கொண்டிருந்தன. அடிக்கத் தெம்பு இருவருக்கும் இல்லை.

இந்த ஐந்து சண்டைகளிலும் எந்தப் பெரிய போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்படவில்லை, பிடிபடவும் இல்லை. காரணம் மரத்தின் இயல்பில் இருக்கிறது. அடித்தளத்தில் ஏறக்குறைய இரண்டடிக் கனமுள்ள ஓக் சுவரைத் துளைத்துச் செல்லும் குண்டு, தன் ஆற்றலில் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிடும். மர இழைகள் மீண்டும் நெருங்கி ஓட்டையைச் சுருக்கும். தச்சர் முளை அடித்து மூடிவிடுவார். செத்தவர்கள் பெரும்பாலும் தெறித்த மரச் சிராய்களால் செத்தார்கள். கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. ஆனால் இதே காலத்தில் கப்பல்கள் போகாமலும் இல்லை. பிரெஞ்சாரின் 74 பீரங்கி ஓரியான் 1782 செப்டம்பரில் திருகோணமலைத் துறையில் நுழையும்போது பாறையில் மோதிச் சிதைந்தது. அவர்களுடைய 64 பீரங்கி பிஸார் அடுத்த மாதமே கடலூர்க் கரையில் தரைதட்டி உடைந்தது. ஆங்கிலேயரின் எக்ஸீட்டர், ஊர் திரும்பும் வழியில் இனிப் பயணத்துக்கு உதவாது என்று தீர்மானிக்கப்பட்டு 1784 தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையில் கொளுத்தப்பட்டது. சூப்பர்ப் 1783 நவம்பரில், போர் ஓய்ந்த பிறகு, மலபார்க் கரையின் தலைச்சேரித் துறையில் சிதைந்தது. ஐந்து சண்டைகளில் சுஃப்ரனால் வாங்க முடியாததை ஒரு கெட்ட வானிலையும் 23 ஆண்டு தேய்மானமும் வாங்கிக்கொண்டன. சுஃப்ரனுக்கு உலர்துறையே இல்லை. திருகோணமலையைப் பிடித்து வைத்துக்கொண்டார், சுமத்திரா தீவின் ஆச்சேயில் பருவமழைக் காலத்தைக் கழித்தார், பாய்மரத்துக்கும் பலகைக்கும் கரையோர வீடுகளை இடித்து மரம் எடுத்தார். அவருடைய பெருமையில் பாதியை நான் அந்தத் தச்சு வேலைக்கே கொடுப்பேன்.

சமவெளிக்கும் கடலுக்கும் உள்ள இழை மிகத் தெளிவாகத் தெரிவது 1783இல். ஹைதர் 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே இறந்திருந்தார். தெற்கே கம்பெனியின் இன்னொரு படை கரூரை ஏப்ரலில் பிடித்தது. கரூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இருப்பது காவிரியும் ஒருநாள் நடையும்தான். ஜூனில் அந்தப் படை கர்னல் ஃபுல்லார்ட்டனின் கீழ் தாராபுரத்தையும் எடுத்தது. வடக்கே திரும்பினால் நாமக்கல், சங்ககிரி, சேலம். ஆனால் திரும்ப முடியவில்லை. கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டிருந்த கம்பெனிப் படை திணறிக்கொண்டிருந்தது. ஃபுல்லார்ட்டன் அங்கே வரும்படி அழைக்கப்பட்டார். முற்றுகை ஏன் திணறியது? ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரனிடம் 15. ஆனால் ஹியூஸின் மாலுமிகளை ஸ்கர்வி வீழ்த்தியிருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது, குடிநீரும் அருகியது. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்று மாதக்கணக்கில் கடலில் நிற்கும் உடலில் வைட்டமின் சி தீர்ந்துபோகும். அது இல்லாமல் உடலால் கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தை ஒழுங்காகக் கட்ட முடியாது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஆறிய பழைய புண்கள் திறக்கும், கயிறு இழுக்கும் கைகளில் பலம் இருக்காது. ஜூன் 20 சண்டை முடிவில்லாமல் முடிந்ததும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரன் கடலூரில் இறங்கி, புஸ்ஸியிடம் கடன் வாங்கியிருந்த வீரர்களைத் திருப்பித் தந்ததோடு தம் மாலுமிகளையும் கரைக்கு அனுப்பினார். முற்றுகையிட்டவர்களின் கடல்வழி அறுந்தது.

பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747லேயே எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று கப்பலில் சோதித்துக் காட்டியிருந்தார். கடற்படை அதை ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 1794 ஏப்ரலில் சஃபக் என்ற இன்னொரு 74 பீரங்கிக் கப்பல் எலுமிச்சைச் சாற்றோடு புறப்பட்டு, வழியில் எந்தத் துறையையும் தொடாமல் 23 வாரம் கழித்துச் சென்னை வந்தது. ஸ்கர்வியால் ஒருவரும் சாகவில்லை. மறு ஆண்டே சாறு கடற்படையின் வழக்கமான உணவுப் பொருளாயிற்று. சூப்பர்ப்பின் ஆட்கள் நங்கூரமிட்டுக் கிடந்த கரையின் சந்தைகளில் எலுமிச்சை குவிந்து கிடந்தது என்பதை எண்ணும்போது, அறிவு இருந்தும் அது நிர்வாகத்தின் காதில் ஏறாததால் போன உயிர்களுக்காக மனம் வலிக்கிறது.

இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: கடலூர்ப் போரை நிறுத்தியது ஐரோப்பாவில் ஏற்பட்ட சமாதானச் செய்தி, கப்பலின் அடியும் மாலுமியின் ஈறும் அல்ல. செய்தி ஜூன் இறுதியில் வந்தது உண்மை, பிரெஞ்சுப் படை விலகியதும் உண்மை. ஆனால் அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது யார் எந்த நிலையில் நின்றார்கள் என்பதைக் கப்பல்கள் தீர்மானித்திருந்தன. முற்றுகைக்கு உதவ அழைக்கப்பட்ட ஃபுல்லார்ட்டன், கடலூரை எட்டுமுன்பே போர் நின்றதால் தெற்கே திரும்பி, நவம்பரில் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்தார். இழந்த வாரங்கள் திரும்பவில்லை. சீரங்கப்பட்டணம் நோக்கிப் போகும் திட்டத்தோடு நின்றவரைப் பேச்சுவார்த்தை தடுத்துவிட்டது. 1784 மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கைப்படி பிடித்த இடங்கள் திருப்பித் தரப்பட்டன. சேலமும் நாமக்கல்லும் மைசூரிடமே இருந்தன.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மைசூர்ப் படை காளைகளாலும் குதிரைகளாலும் நகர்ந்த படை. அதன் அரிசி, உப்பு, வெடியுப்பு எல்லாம் உள்நாட்டுப் பொருள். 1768இல் கர்னல் வுட் நாமக்கல், சேலம், ஈரோடு வரிசையாகப் பிடித்ததையும் அதே ஆண்டு இறுதியில் ஹைதர் சில வாரங்களில் அவற்றையெல்லாம் மீட்டதையும் பார்த்தால், கடலைக் கேட்காமலே இங்கே கோட்டைகள் கைமாறியது தெரியும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1768 நிகழ்வே வேறொன்றையும் சொல்கிறது: இந்தச் சமவெளியின் கோட்டைகளைப் பிடிப்பது எளிது, பிடித்ததை வைத்திருப்பதே கடினம். வைத்திருக்க வேண்டுமானால் எதிரியின் பெரும்படை வேறெங்கோ கட்டுண்டு கிடக்க வேண்டும். ஹைதர் 1780 முதல் கர்நாடகத்தில் கட்டுண்டு கிடந்தார். அவருக்கு ஐரோப்பியக் காலாட்படையும் முற்றுகைப் பீரங்கியும் தேவைப்பட்டன. 1782இன் தொடக்கத்தில் துஷமேனின் பிரெஞ்சு வீரர்கள் பரங்கிப்பேட்டையில் இறங்கியதும் ஏப்ரலில் கடலூர் விழுந்ததும், அந்தத் தேவை கடல்வழியே நிறைவேறியதற்குச் சான்று. கம்பெனிப் படையோ அரிசிக்குக்கூடக் கடலையே நம்பியிருந்தது. 1782 அக்டோபர் நடுவில் சென்னையில் அடித்த புயல் அரிசி ஏற்றிய கலங்களை உடைத்தபோது ஊருக்குள் பஞ்சம் முற்றியது. இருதரப்பும் கரையோரத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை உள்ளே இருந்த சமவெளியில் அதிகாரம் மாற வழியில்லை.

மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: கடைசியில் சேலம் கைமாறியது 1792இல், மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில்; அந்தப் போரில் பெரிய கடற்போரே இல்லையே? அதுதான் என் வாதத்துக்குக் கிடைக்கும் மிக வலுவான சான்று. திப்பு 1787இல் பிரான்சுக்குத் தூதர்களை அனுப்பினார். பதினாறாம் லூயி 1788 ஆகஸ்டில் அவர்களை வரவேற்றார், படை அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே புரட்சி. ஆகவே மூன்றாம் மைசூர்ப் போரில் சுஃப்ரன் போன்ற ஒருவர் இல்லை, பிரெஞ்சுக் கப்பல் அணியும் இல்லை. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தரையில் சீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, அவருடைய தம்பி வில்லியம் கார்ன்வாலிஸ் மலபார்க் கரையில் கடற்படை அணிக்குத் தலைவராக இருந்தார். சூப்பர்ப் சிதைந்த அதே தலைச்சேரிக்கு எதிரே 1791 நவம்பரில், மைசூருக்கு ஆயுதம் போகிறதா என்று சோதிக்க முயன்ற அவருடைய ஃபீனிக்ஸ் என்ற கப்பலும், சோதனைக்கு இணங்காத ரெசோல்யூ என்ற பிரெஞ்சுக் கப்பலும் மோதின. இரு நாடுகளுக்கும் அப்போது போர் இல்லை. ரெசோல்யூ கொடி இறக்கியது. பிரான்ஸ் அதற்காகப் போர் அறிவிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, 1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் வடக்கேயுள்ள பாராமகால் பகுதியும் சேலமும் சங்ககிரியும் நாமக்கல்லும் கம்பெனிக்குப் போயின. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் வரி வசூல் கணக்கோடு இந்தச் சமவெளிக்கு வந்தார், அவருடைய உதவியாளர்களில் ஒருவராகத் தாமஸ் மன்றோ.